எனக்குப் பொருந்திய வேலைகள்

என் கணவர் இறந்து அடுத்த மழைக்காலம் வந்தபோது, எனக்கு எந்தெந்த வேலை பொருந்தும் என்று ஒரு கம்ப்யூட்டர் சொன்னது. அதற்கு முன் யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை.

நான் நிக்கோபாரில் கட்சால் தீவில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டு, கடைசியில் கட்சாலின் அரசாங்க ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். சுனாமிக்குப் பிறகு தகர ஷெல்டரில் சில வருஷங்கள் இருந்தோம். பத்தாவது முடித்தது அங்கிருந்துதான். கல்யாணமாகி போர்ட் பிளேருக்கு வந்ததும் அங்கிருந்துதான்.

அவர் அங்கே ஹேடோ துறைமுகப் பக்கத்தில் ஒரு காண்ட்ராக்டரின் சரக்கு யார்டில் கலாசியாக இருந்தார். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வருகிற இரும்புக் கம்பி, பைப், சிமெண்ட் எல்லாவற்றுக்கும் பெல்ட் சுற்றி கிரேன் கொக்கியில் மாட்டுவதும், இறங்கும் இடத்தில் கழற்றிவிடுவதும் கலாசியின் வேலை. போர்ட் பிளேரிலேயே டாலிகஞ்சில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். எங்களுக்கு ஒரே மகள். யார்டில் ஹைட்ரா கிரேன் ஓட்டுகிற பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவான். பையன் என்று சொல்கிறேனே தவிர, முப்பது வயது நெருங்கியவன். ராமநாதபுரத்துக்காரன். வரும்போது மீன் வாங்கி வருவான், நான் குழம்பு வைப்பேன், மூன்று பேரும் டி.வி. பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்கள். நான் கடைசியில் சாப்பிடுவேன்.

அவர் இறந்த அன்று காலையில் விசேஷமாக எதுவும் நடக்கவில்லை. கடைசியாக என்ன பேசினார் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சிலிண்டர் புக் பண்ணிவிடச் சொன்னார். அவ்வளவுதான். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் யார்டின் சூப்பர்வைசர் ஆள் அனுப்பினார். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது முகத்தை மட்டும் காட்டினார்கள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. மற்றதைப் பார்க்க வேண்டாம் என்று ஒரு நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கம்பிக் கட்டு தூக்கும்போது பெல்ட் அறுந்து விழுந்துவிட்டது. அவராகவே போய்க் கட்டுக்குக் கீழே நின்றுவிட்டார். சூப்பர்வைசர் இப்படித்தான் சொன்னார், போலீஸ் ரிப்போர்ட்டிலும் அப்படித்தான் வந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் திருப்பிச் சொன்னார்கள். "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்" என்று என் நாத்தனார் மெயின்லேண்டிலிருந்து போனில் அழுதாள். துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டு பெங்காலி அம்மாவும் அதைத்தான் ஹிந்தியில் சொன்னாள். கவனம் என்ற வார்த்தை எனக்கு அந்த நாட்களில் வெறுத்துப்போனது. வீட்டில் காலண்டர் ஆணி அடித்தால்கூடச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்க்கிற மனிதர் அவர்.

ஹைட்ரா ஓட்டுகிறவன் வரவில்லை. எரிக்கிற இடத்துக்கும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. கிரேன் வேலையை விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

நான் ஒரு கேட்டரிங் கிச்சனில் பாத்திரம் கழுவப் போனேன். சோப்புத் தண்ணீரில் விரலிடுக்குகள் வெந்து போயின. டூரிஸ்ட் சீசன் முடிந்ததும் கிச்சன் முதலாளி பாதிப் பேரை நிறுத்தினார். அதில் நானும் ஒருத்தி. என்னோடு நிறுத்தப்பட்ட இன்னொருத்திதான், பெண்களுக்கு இலவசமாகத் தொழில் கற்றுத் தரும் மையம் ஒன்று இருப்பதாகச் சொல்லி என்னை அழைத்துப் போனாள். தையல் சொல்லித் தருவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

அங்கே ஆலோசகராக இருந்தவள் சின்னப் பெண். பெங்காலி, வட அந்தமானில் டிக்லிபூர் பக்கம். காட்டன் புடவையை வயதுக்கு மீறிய கட்டாகக் கட்டியிருந்தாள். எதையும் கற்றுக்கொள்வதற்கு முன்னால் ஒரு டெஸ்ட் இருக்கிறது என்றாள். பரீட்சை இல்லை, பாஸ் ஃபெயில் இல்லை, எனக்கு எது பிடிக்கும் என்று கம்ப்யூட்டர் கேட்கும், நான் பதில் சொன்னால் போதும்.

கேள்விகள் ஹிந்தியில் வந்தன. பழுதான சாமானைப் பிரித்துப் பார்க்கப் பிடிக்குமா? குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தரப் பிடிக்குமா? பத்துப் பேர் முன்னால் நின்று பேசப் பிடிக்குமா? செடிகள் எப்படி வளர்கின்றன என்று ஆராய்ச்சி செய்யப் பிடிக்குமா? ஒவ்வொன்றுக்கும் கீழே பிடிக்கும், பிடிக்காது, தெரியாது என்று மூன்று கட்டங்கள். நான் தெரியாது, மாலூம் நஹீ, என்ற கட்டத்தையே அழுத்திக்கொண்டு போனேன். பொய் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. சமையல் பிடிக்குமா என்று கேட்டபோதுகூடத் தெரியவில்லை. தினமும் செய்வதுதான், பிடித்துத்தான் செய்தேனா என்று யோசித்ததில்லை.

முடிந்ததும் அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"தீதி, எல்லாமே மாலூம் நஹீயா? கம்ப்யூட்டருக்கே உங்களைப் பத்தி ஒண்ணும் மாலூம் இல்லையாம்."

அவள் பேசியது ஹிந்திதான், தீதி என்றால் அக்கா. எனக்கு ஞாபகம் இருப்பது இப்படி. நானும் சிரித்தேன். அவர் போனதற்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு என்று உடனே உறைத்தது, வாயை மூடிக்கொண்டேன்.

"இன்னொரு தடவை போடலாம். ரொம்ப யோசிக்காதீங்க. முதல்ல எது தோணுதோ அதை அழுத்துங்க. யாரும் உங்களைக் கேக்கப் போறதில்ல."

இரண்டாவது தடவை வேகமாக அழுத்தினேன். என்ஜின், மோட்டார், வயர், குழாய் என்று வந்த இடத்திலெல்லாம் விரல் தானாகப் பிடிக்கும் என்ற பக்கம் போனது. ஷெல்டரில் இருந்தபோது ஒரு டீசல் ஜெனரேட்டர் இருந்தது. நின்றுபோனால் மலையாளி மெக்கானிக் வரும்வரை எல்லோரும் காத்திருப்பார்கள். அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்து, டீசல் லைனில் அடைத்த காற்றை, ஏர் எடுப்பது என்பார்கள், வெளியேற்றுவது எப்படி என்று எனக்குப் பழகிவிட்டது. அவர் இல்லாத நாளில் நானே எடுத்து ஓட விட்டிருக்கிறேன். அம்மா என் பாவாடையில் டீசல் நாற்றம் அடிக்கிறது என்று திட்டுவாள். இதெல்லாம் கேள்விக்கு நடுவில் ஞாபகம் வந்தது. கல்யாணமானபின் நான் இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று தோன்றியதில்லை.

மறுநாள் ரிசல்ட்டைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தாள். மேலே வண்ணக் கோடுகள். எனக்குக் கருவிகள், இயந்திரங்கள் பக்கம் கோடு நீளமாக இருக்கிறது, பேசுவது, விற்பது பக்கம் மிகக் குட்டை என்று விளக்கினாள். கீழே எனக்குப் பொருந்தும் வேலைகள். அவள் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள்.

எலக்ட்ரீஷியன். பம்ப் ஆபரேட்டர். கிரேன் ஆபரேட்டர்.

அதற்குப் பிறகு படித்தது எனக்குக் கேட்கவில்லை.

"என்ன தீதி?"

"என் வீட்டுக்காரர் கிரேன்ல இருந்து சாமான் விழுந்துதான் செத்தாரு" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன்.

அவள் முகம் சட்டென்று வெளுத்தது. ஃபாரத்தில் கணவர் இறந்துவிட்டார் என்று எழுதியிருந்தேன், எப்படி என்று கேட்கும் இடம் அதில் இல்லை. பேனாவை எடுத்து அந்த வரியை அடிக்கப் போனாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அடிக்காதீங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவளும் காரணம் கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, அடுத்து செய்ய வேண்டியதைச் சொன்னாள். இந்த வேலைகளைச் செய்கிறவர்களை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு நாள் வேலை எப்படி இருக்கும், இதில் எது கஷ்டம், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னால் இதே வேலையை எடுப்பீர்களா என்று அவர்களிடம் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வந்தால், எந்தப் பயிற்சியில் சேர்வது என்று உட்கார்ந்து பேசலாம்.

முதலில் எலக்ட்ரீஷியனிடம் போனேன். டாலிகஞ்சில் எங்கள் தெருமுனையில் கடை வைத்திருந்தவர், மதுரைப் பக்கம். அவரைப் பல வருஷமாகத் தெரியும், எங்கள் வீட்டு ஃபேன் காயிலைச் சுற்றிக் கொடுத்தவர். இந்த வேலையில் ஒரு நாள் எப்படி இருக்கும், நான் கற்றுக்கொள்ள நினைக்கிறேன் என்றதும் டெஸ்டரைக் காதில் சொருகிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"எனக்கு ஆளு வேணும்தாம்மா. இல்லேங்கல. ஆனா உங்கள எப்பிடி நான் ஏணியில ஏத்துறது? கீழ நிக்கிறவன் ஒழுங்கா நிப்பானா?"

"நான் சுடிதார் போட்டுக்கிறேன் அண்ணே."

"அதுக்கில்லம்மா..." என்று இழுத்தார். உள்ளே ஹோல்டர்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி தலையைத் தூக்காமல் சொன்னாள்: "புருஷன் போயி இன்னும் வருஷம் திரும்பல. அடுத்தவங்க வீட்டு பெட்ரூம்ல போயி லைட்டு மாட்டப் போறீங்களாக்கும்."

அவர் அவளை அதட்டினார். நான் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். மற்ற இரண்டு கேள்விகளை அவரிடம் கேட்கவில்லை.

பம்ப் ஹவுசில் இருந்தவர் தெலுங்குக்காரர், வயதானவர். என்னை உட்காரச் சொல்லி நாற்காலியைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார். வால்வு திறப்பது, மீட்டர் பார்ப்பது, எந்த ஏரியாவுக்கு இன்றைக்குத் தண்ணீர் என்று பார்த்துத் திருப்பிவிடுவது எல்லாம் காட்டினார். மோட்டார் ஓடுகிற தரை காலுக்குக் கீழே அதிர்ந்தது. எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. அதை அவரிடமும் சொன்னேன்.

"பிடிக்கும்மா, ஏன் பிடிக்காது" என்றார். "நான் டெய்லி ரேட்ல சேர்ந்தவன். இன்னைக்கும் டெய்லி ரேட்தான். என் முடி நரைச்சுப் போச்சு. நான் செத்தாலோ விழுந்தாலோதான் இந்த நாற்காலி காலியாகும். அதுக்கு என் தம்பி மகன் காத்துக்கிட்டு இருக்கான்."

கோபமாகச் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

மூன்றாவது கிரேன். வேறு எந்த ஆபரேட்டரையாவது தேடிப் போயிருக்கலாம். ஊரில் எத்தனையோ கிரேன் ஓடுகிறது. நான் ஹைட்ரா ஓட்டிய அவனைத்தான் விசாரித்தேன். அபர்தீன் பஜாரில் அவனுடைய மாமாவின் மளிகைக் கடையில் இருக்கிறான் என்று தெரிந்தது.

நான் போனபோது கடையில் கூட்டம் இல்லை. மழை பிடித்திருந்தது. அவன் தராசு முன்னால் நின்று வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனான். முதுகு அலமாரியில் இடித்து பிஸ்கட் பாக்கெட் ஒன்று விழுந்தது. இளைத்திருந்தான். கன்னம் ஒட்டி, தாடி கண்டபடி வளர்ந்திருந்தது.

"அக்கா" என்றான். அதற்கு மேல் வரவில்லை.

"உங்ககிட்ட கொஞ்சம் கேக்கணும் தம்பி. வேல வெசயமா."

அவன் மாமாவைப் பார்த்தான். அவர் உள்ளே போய்ப் பேசச் சொன்னார். பின்பக்கம் குடோனில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்றோம். என்னை ஒரு மூட்டை மேல் உட்காரச் சொன்னான், அவன் உட்காரவில்லை. நான் அவனை வையப் போகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தான்.

நான் டெஸ்ட் எழுதியதைச் சொன்னேன். ரிசல்ட்டைச் சொன்னேன். பிறகு ஆலோசகர் சொல்லித் தந்தபடியே கேட்டேன்.

"கிரேன் ஆபரேட்டருக்கு ஒரு நாள் வேல எப்பிடி இருக்கும்?"

நிமிர்ந்து பார்த்தான். கேலி செய்கிறேனோ என்று என் முகத்தைத் தேடினான். நான் கேலி செய்யவில்லை.

"காலைல போயி ஆயில் பாக்கணும், டயர் பாக்கணும்" என்று மெல்ல ஆரம்பித்தான். "அப்புறம் ஏறி உக்காந்தா சாப்பாட்டுக்குத்தான்க்கா இறக்கம். ஹைட்ரால என்னன்னா, முன்னாடி பூம், அதான் கிரேனோட கை, நீட்டிக்கிட்டு நிக்கும். அது ஒரு பக்கத்தையே மறைச்சிரும். தூக்குற சாமான் நமக்கு முழுசாத் தெரியாது. கலாசி கையத்தான் பாக்கணும். வெரல மேல தூக்கிச் சுத்துனா தூக்குறது. உள்ளங்கையக் காட்டுனா நிறுத்துறது. நான் பாத்ததெல்லாம் அண்ணன் கையத்தான்க்கா. அஞ்சு வருசமா அவரு கையப் பாத்துத்தான் ஓட்டுனேன்."

"இதுல எது கஷ்டம்?"

கூரைத் தகரத்தில் மழை அடித்தது. பிறகு கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத மாதிரி பேச ஆரம்பித்தான்.

"அந்த பெல்ட்டு பிஞ்சு நூல் வந்திருந்துச்சுக்கா. முந்தின நாளே அண்ணன் சூப்பர்வைசர்ட்ட காமிச்சாரு. வேற பெல்ட்டு கேட்டாரு. கப்பல்ல வருது, வந்ததும் தர்றேன்னாரு. அன்னைக்குக் காலைல கம்பி எறக்கியே ஆகணும், லாரி நிக்கிதுன்னு கத்துனாரு. நான் எறங்கி வந்து, அண்ணே வேணாம்ணே, பாதிப் பாதியாத் தூக்கலாம்னேன். அண்ணன் பெல்ட்டத் தடவிப் பாத்தாரு. ஒண்ணும் ஆகாதுடா, இது ஒண்ணு மட்டும் போட்டுட்டு நிறுத்திக்கலாம்னாரு. நான் ஏறி உக்காந்தேன். வெரலத் தூக்கிச் சுத்துனாரு. தூக்குனேன்."

என் கை மூட்டையின் சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"கட்டு காத்துல திரும்புச்சு. அதப் புடிச்சு நேராக்க கயிறு கட்டணும்க்கா. எங்க யார்டுல கயிறு கெடையாது. கலாசிதான் கையால புடிப்பாரு. எல்லா நாளும் அப்பிடித்தான். அவரா போயி கீழ நிக்கல. கட்டப் புடிக்கப் போனாரு."

"அப்ப போலீஸ்ல?"

"அவரா போயி நின்னாருன்னு சொன்னேன்" என்றான். "சூப்பர்வைசர் பக்கத்துல நின்னாருக்கா. வேற மாதிரி சொன்னா ஓட்டுன நீதான் உள்ள போவ, லைசென்ஸ் போகும்னாரு. எனக்கு அப்ப என்ன சொன்னேன்னே தெரியல. என் சட்டையெல்லாம்..." என்று நிறுத்தினான்.

எனக்கு என்ன தோன்றியது என்று சொல்வது கஷ்டம். இவன் மேல் கோபம் வந்தது, அது எதிர்பார்த்ததுதான். அதைவிடப் பெரிய கோபம் என் கணவர் மேல் வந்தது. ஒன்றும் ஆகாதுடா என்று அவர் சொல்லியிருக்கிறார். பெல்ட்டைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார். தூக்கச் சொல்லி அவரே விரலைச் சுற்றியிருக்கிறார். இத்தனை மாதமும் அவருக்காக ஊரோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது சண்டையை யாரோடு போடுவது என்று தெரியாமல் போனது.

மூன்றாவது கேள்வியையும் கேட்டேன். கேட்காமல் எழுந்து வரத் தெரியவில்லை.

"திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிக்கச் சொன்னா இதே வேலய எடுப்பீங்களா?"

"ரெண்டு தடவ வேற யார்டுக்குப் போனேன்க்கா. ஏறி உக்காந்தேன். சாவியப் போடக் கை வரல." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஆனா அது நல்ல வேலக்கா. பொய் சொல்லக்கூடாது. அவ்வளவு பெரிய சாமான, நம்ம லீவர அசைக்கிற அசைவுக்குப் பூ மாதிரி எறக்கலாம். எனக்கு வேற எதுவும் ஒழுங்கா வராது. இங்க வெங்காயம்கூடச் சரியா நிறுக்கத் தெரியலன்னு மாமா திட்டுறாரு."

நான் எழுந்தேன். "இத லேபர் ஆபீஸ்ல வந்து சொல்லணும் தம்பி. என் மக அவங்கப்பன் கவனமில்லாம செத்தான்னு நெனச்சிக்கிட்டு வளரக்கூடாது."

"சொல்றேன்க்கா."

"நெசமா?"

"திங்கக்கெழம கடைக்கு வாங்க. சேந்து போவோம்."

திங்கட்கிழமைக்கு முன்பே நான் லேபர் ஆபீசுக்குப் போய் விசாரித்தேன். அங்கிருந்த கிளார்க் பொறுமையாகக் கேட்டார். முடிந்த விஷயம்தான், ஆனாலும் நேரில் பார்த்தவர் வந்து எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்பலாம் என்றார். அந்த இரண்டு மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கியது. மகளுக்குத் தலை வாரிவிடும்போது பாட்டு முணுமுணுத்தேனாம், அவள் பின்னால் சொன்னாள்.

திங்கட்கிழமை அவன் கடையில் இல்லை. தராசு முன்னால் அவன் மாமா நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கல்லாவை மூடினார்.

"அவன் போயிட்டாம்மா. சென்னைக் கப்பல்ல சனிக்கிழமையே போயிட்டான். டிக்கெட்டு எப்பிடிக் கெடச்சதுன்னே தெரியல."

"ஊருக்கா?"

"ஊருக்குத்தான்னு சொன்னான். அங்க இருந்து எங்கயாச்சும் வெளிநாட்டுக்குப் போவான். நீங்க அவன ஒண்ணும் நெனச்சிக்காதீங்க. புள்ள தூங்கி மாசக்கணக்கா ஆச்சு."

போன் போட்டுப் பார்த்தேன். சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. அடுத்த வாரமும், அதற்கடுத்த மாதமும் போட்டேன். அப்புறம் அந்த நம்பரே உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்ல ஆரம்பித்தது.

லேபர் ஆபீஸ் கிளார்க்கிடம் போய்ச் சொன்னேன். நான் கேட்டதை நானே எழுதித் தரட்டுமா என்றேன். எழுதித் தாருங்கள், ஆனால் நீங்கள் பார்த்தவர் இல்லையே என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

ஆலோசகர் பெண் நான் வராததைப் பார்த்து வீட்டுக்கே வந்துவிட்டாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்ட வாசலில் நின்றாள். உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தேன். மூன்று பேரையும் பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். அவர்கள் சொன்னதைச் சொன்னேன், மூன்றாவது ஆள் சொன்னதையும் சொன்னேன். அவள் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"உங்களை நான் அனுப்பியிருக்கக் கூடாது."

"நீங்க அனுப்பல. நானாத்தான் போனேன்."

"எதுல சேரப் போறீங்க" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். நான் கிரேன் என்றேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். எனக்கு விளக்கத் தெரியவில்லை. கயிறு கட்டாமல் தூக்க மாட்டேன் என்று சொல்கிற ஒரு ஆபரேட்டராவது இருக்கட்டும் என்ற வீம்பாக இருக்கலாம். அவர் கடைசியாகப் பார்த்ததை மேலேயிருந்து ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பதாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அது நடக்கவில்லை. அந்தப் பயிற்சி தீவில் கிடையாது, மெயின்லேண்டுக்குப் போக வேண்டும், மகளை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. அதை அவள் விசாரித்து வந்து சொன்னபோது நான் வாதாடவில்லை.

கடைசியில் மோட்டார், ஜெனரேட்டர் பராமரிப்பு என்று ஒரு குறுகிய காலப் பயிற்சியில் சேர்ந்தேன். வகுப்பில் எல்லாம் என் மகளைவிடக் கொஞ்சம் பெரிய பிள்ளைகள். என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டார்கள். முடித்ததும் போர்ட் பிளேரில் யாரும் எடுக்கவில்லை. பல இடத்தில் சர்டிஃபிகேட்டைப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டுக்காரர் வரவில்லையா என்று கேட்டார்கள், அவருக்குத்தான் வேலை கேட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு. ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடுவது, தண்ணீர் மோட்டார் பார்ப்பது, நீச்சல் குளத்துப் பம்ப்பில் இலையெடுப்பது. தங்க ஒரு அறை கொடுத்தார்கள், சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர். அதற்குள் போர்ட் பிளேரில் ஒரு ஹாஸ்டலில் இடம் கிடைத்தது, மகளை அங்கே விட்டேன். சேர்க்கப் போன அன்று அவள் அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். ரொம்ப நாள் போனிலும் ம், சரி என்பதற்கு மேல் பேசவில்லை.

அரைப் பரீட்சை லீவில் அவளை ஒரு நாள் படகில் இங்கே வந்து போகச் சொன்னேன். ரிசார்ட்டில் தங்குகிறவர்கள் பீச்சில் படுத்திருந்தார்கள். நாங்கள் என் அறை வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் உயரமாகியிருந்தாள், அவர் முகம் அப்படியே வந்திருந்தது. அன்றைக்குத்தான் சொன்னேன். பெல்ட்டைப் பற்றி, கயிறு இல்லாததைப் பற்றி, அவர் கட்டைப் பிடிக்கப் போனதைப் பற்றி. ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்னதையும், விரலைச் சுற்றியதையும் மறைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். பேச ஆரம்பித்த பிறகு மறைக்க முடியவில்லை.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். நான் சொல்லி முடித்ததும் பிசைவதை நிறுத்தினாள்.

"அப்பா கத்துனாராம்மா?"

எனக்குத் தெரியவில்லை. அதை நான் அவனிடம் கேட்கவில்லை. இனிமேல் கேட்பதற்கு ஆளும் இல்லை.

"தெரியலடி" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். உள்ளே ஜெனரேட்டர் சத்தம் இழுத்து இழுத்துக் கேட்டது, டீசல் சரியாக வரவில்லை. நான் கையைக் கழுவிவிட்டு எழுந்து போக வேண்டியிருந்தது. சரி செய்துவிட்டுத் திரும்பி வந்தபோது அவள் இரண்டு தட்டையும் கழுவி வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாயங்காலப் படகுக்காகத் துறைக்குப் போகத் தயாராக நின்றிருந்தாள்.